மீந்த கருக்களை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா? குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். வேலூரில் எடுத்துக்கொண்ட ஐவிஎஃப் சிகிச்சையில் உங்களுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். மீந்த நான்கு கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. ஆண்டுக் கட்டணச் சீட்டோடு வந்த படிவத்தில் ‘தொடர்ந்து சேமிக்க’, ‘அழியவிட’, ‘ஆராய்ச்சிக்கு வழங்க’ என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் குறியிடுவது கொலை என்கிறார் உங்கள் மாமியார். அண்ணன் மகனுக்கோ ஒன்பது வயதிலேயே முதல் வகை நீரிழிவு. நாளுக்கு நான்கு முறை இன்சுலின் ஊசி. கருக்களை ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் அவனுக்கு ஒரு வழி பிறக்குமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. இது பாவமா என்பது ஒன்று. பாவமே என்றாலும் அதனால் ஒரு பிள்ளை பிழைப்பான் என்றால் செய்யலாமே என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் தனியே பிரித்தெடுத்துவிட்டால், முதல் கேள்வியைச் சுமை இல்லாமல் யோசிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன். வேலூரில் ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தின் கருவியல் ஆய்வகத்தில் 23 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கருக்களை வளர்த்ததும், தரம் பார்த்ததும், உறையவைத்ததும் என் தொழில். அவற்றிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துப் பழகியவன் அல்லன். ஆகவே கருவைப் பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்திலிருந்து வருவது. சிகிச்சைகளைப் பற்றிச் சொல்வது தொடர்ந்து படித்துவந்ததிலிருந்து வருவது. பாவ புண்ணியத்தைப் பற்றிச் சொல்வது என் சொந்தக் கருத்து மட்டுமே. அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கருக்கள் ஐந்தாம் நாளில் உறையவைக்கப்பட்டவை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையை ஆய்வகத்தில் பிளாஸ்டோசிஸ்ட் என்போம். குறுக்களவில் ஒரு கேழ்வரகு மணியின் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும் நீர்க்குமிழி அது. உள்ளே நூறிலிருந்து இருநூறு செல்கள் இருக்கும். வெளிச்சுவராக நிற்கும் செல்களிலிருந்து பின்னால் நஞ்சுக்கொடி உருவாகும். உட்புறம் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கொத்திலிருந்துதான் குழந்தையின் உடல் உருவாகும். அந்தக் கொத்தில் இருக்கும் எந்தச் செல்லுக்கும் இன்னும் வேலை ஒதுக்கப்படவில்லை. நரம்பு, தோல், இதயத் தசை, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல் என்று எதுவாகவும் அது மாறலாம். அந்தக் கொத்தைப் பிரித்தெடுத்து, எதுவாகவும் மாறிவிடாதபடி தட்டில் வளர்த்துப் பெருக்கினால் கிடைப்பதுதான் கரு ஸ்டெம் செல். தமிழில் சிலர் இதைக் குருத்தணு என்று எழுதுகிறார்கள்; அவர்கள் எண்ணியதைவிடவும் பொருத்தமான பெயர் என்று எனக்குத் தோன்றும். தென்னையில் குருத்தை எடுத்துவிட்டால் மரம் நிற்காது. இங்கும் அப்படியே, கொத்தை எடுத்தபின் அந்தக் கரு கருவாக இருக்காது. விவாதம் முழுவதும் இந்த ஒரு செயலிலிருந்து கிளைப்பது என்பதால், அதை இனிப்புத் தடவாமல் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

எலியின் கருவிலிருந்து இத்தகைய செல்களை 1981-இல் எடுத்தார்கள். மனிதக் கருவிலிருந்து எடுப்பதற்கு மேலும் 17 ஆண்டுகள் பிடித்தன. 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் அதைச் செய்தார்கள். அவர்கள் பயன்படுத்தியவையும் உங்களுடையவை போலவே, ஐவிஎஃப் சிகிச்சையில் மீந்து, தம்பதியர் ஒப்புதலோடு வழங்கப்பட்ட கருக்கள்தாம். 14 கருக்களிலிருந்து உட்கொத்தைப் பிரித்ததில் 5 செல் வரிசைகள் நிலைத்தன. அவற்றில் சில இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு வரிசை நிலைத்துவிட்டால் அது பெருகிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு கரு தேவைப்படுவதில்லை. இரத்த தானம் போல, கொடுத்தால் இன்னாருக்குப் போய்ச் சேரும் என்ற கணக்கு இதில் இல்லை. உங்கள் நான்கு கருக்களிலிருந்து உங்கள் அண்ணன் மகனுக்கு மருந்து செய்து தரும் ஏற்பாடு எந்த நாட்டிலும் கிடையாது.

ஆனால் அவனுடைய நோய்க்கும் இந்த ஆராய்ச்சிக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. எல்லா நோய்களையும்விட நீரிழிவில்தான் இப்போது தெளிவான முன்னேற்றம் தெரிகிறது. முதல் வகை நீரிழிவில் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே கணையத்தின் இன்சுலின் செல்களை அழித்துவிடுகிறது. அந்தச் செல்களைக் கரு ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்து, கல்லீரலுக்குப் போகும் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்திப் பார்த்த வெர்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு முடிவு 2025 ஜூனில் வெளியானது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை. ஆய்வகத்தில் காலம் கழித்தவனான எனக்கு அந்த எண்ணைப் படித்தபோது உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. ஆனால் அதே அறிக்கையின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். பன்னிரண்டு பேர் என்பது மிகச் சிறிய எண். பிறர் உடலிலிருந்து வந்த செல்கள் என்பதால் அவற்றை உடல் விரட்டாமல் இருக்க நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். அந்த மருந்துகள் தொற்றுநோய்க்குக் கதவைத் திறந்துவைப்பவை. ஆய்வில் சேர்ந்தவர்களில் இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் மரணம் பூஞ்சையால் வந்த மூளையுறைத் தொற்றால் நேர்ந்தது. சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் வயது வந்தவர்கள். அதிலும் சர்க்கரை திடீரென்று இறங்குவது தமக்கே தெரியாமல் மயங்கி விழும் நிலையில் இருந்தவர்கள். ஊசியால் சமாளித்துக்கொண்டிருக்கும் ஒன்பது வயதுப் பையனை நோயெதிர்ப்பு அடக்கும் மருந்துக்கு மாற்றுவது இன்றைய நிலையில் லாபமான பேரம் ஆகாது. அவன் வாலிபனாகும்போது நிலைமை மாறியிருக்கலாம். அது என் எதிர்பார்ப்பு, உறுதி அல்ல.

மற்ற நோய்களில் கதை இன்னும் தொடக்கத்திலேயே இருக்கிறது. முதுகுத் தண்டு அடிபட்டவர்களுக்கு ஜெரான் நிறுவனம் 2010-இல் தொடங்கிய முதல் மனித ஆய்வு, அடுத்த ஆண்டே பணக் காரணங்களால் நிறுத்தப்பட்டது. விழித்திரையின் மையப்பகுதி தேய்ந்து பார்வை மங்கும் நோயில் சிறு குழுக்களிடம் ஊக்கமளிக்கும் முடிவுகள் கிடைத்திருக்கின்றன. பார்க்கின்சன் நோயில் 12 பேரின் மூளைக்குள் செல்களை வைத்த ஆய்வின் முடிவு 2025 ஏப்ரலில் வந்தது. அது பெரும்பாலும் பாதுகாப்பைச் சோதித்த ஆய்வு, நோய் குணமாகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் பொதுவான அச்சம் ஒன்று உண்டு. எதுவாகவும் மாறக்கூடிய செல்லுக்கு எதுவாக மாறக் கூடாது என்பது தெரியாது. முழுமையாக முதிராத ஒரு சில செல்கள் கலந்துபோனாலும் டெரட்டோமா என்னும் கட்டி உண்டாகலாம். முடி, பல், குருத்தெலும்பு எல்லாம் தாறுமாறாகக் கலந்து கிடக்கும் கட்டி அது. ஆகவே செலுத்துவதற்கு முன் அந்தச் செல்களைத் துல்லியமாக வடிகட்ட வேண்டும். ஆராய்ச்சி மெதுவாக நகர்வதற்கு நெறிமுறைச் சண்டையைக் குறை சொல்பவர்கள் பலர். சரிபாதிக் காரணமாவது இந்த வடிகட்டும் வேலைதான் என்பது என் எண்ணம்.

இங்கே சற்று விலகி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலூரில் ‘ஸ்டெம் செல்’ என்ற சொல் பலருக்கும் பழக்கமானது. அதனாலேயே குழப்பமும் அதிகம். சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் எலும்பு மச்சை மாற்று சிகிச்சை நடக்கிறது. தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகை உள்ள பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்பாடியில் ரயில் இறங்கும் வங்காளக் குடும்பங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பாகாயத்தில் இருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தின் முயற்சியில், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐவருக்கு அவரவர் இரத்த ஸ்டெம் செல்லிலேயே குறையில்லாத மரபணுவைச் சேர்த்துச் செலுத்திய முடிவு 2024 டிசம்பரில் வெளியாகி உலகக் கவனத்தைப் பெற்றது. இவை எவற்றிலும் கரு இல்லை. இவை வளர்ந்த மனிதரின் எலும்பு மச்சையிலும் இரத்தத்திலும் இருக்கும் ஸ்டெம் செல்கள். அவை இரத்தம் சார்ந்த செல்களாக மட்டுமே மாறக்கூடியவை. இந்த நற்பெயரின் நிழலில் வேறு சிலர் கடை விரிக்கிறார்கள். பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர், மூளை முடக்குவாதம் உள்ள மகனுக்காக நிலத்தை விற்று, வேறொரு நகரத்தில் ஒரு தனியார் மையத்தில் ‘ஸ்டெம் செல் ஊசி’ மூன்று தவணை போட்டுவிட்டு, நான்காவதற்குப் பணம் போதாமல் என்னிடம் ஆலோசனை கேட்க வந்தார். பையனிடம் எந்த மாற்றமும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், இரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்று சொல்கின்றன. ஆய்வில் சேர்பவரிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது. நீரிழிவுக்கு ஸ்டெம் செல் என்று யாராவது லட்சக் கணக்கில் கேட்டால், உங்கள் அண்ணனிடம் இந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள்.

இனி மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். அதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். கரு உருவான கணத்திலிருந்தே உயிர், ஆகவே மனிதர் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் உறுதியான நிலை. அது ஐவிஎஃப் சிகிச்சையையும் ஏற்காததற்கு அந்த நிலையும் ஒரு காரணம். கொள்கைப் பொருத்தம் என்றால் அதுதான். இஸ்லாமியச் சட்ட அறிஞர்களில் பலர் 120-ஆம் நாளிலும், சிலர் 40-ஆம் நாளிலும் உயிர் ஊதப்படுவதாகக் கொள்கிறார்கள். இந்து மரபில் ஒரே தீர்ப்பு சொல்லும் அதிகாரம் யாரிடமும் இல்லை. மேசைக்கு எதிர்ப்புறம் எல்லா மதத்தவரும் அமர்ந்து இந்தப் படிவத்தைப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்; தயங்காதவர் என்று ஒரு சமயத்தையும் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் 1984-இல் மேரி வார்னாக் தலைமையிலான குழு, 14 நாள் என்ற எல்லையைப் பரிந்துரைத்தது. 1990-இல் அது அந்த நாட்டில் சட்டமானது. இந்திய நெறிமுறைகளும் அதையே பின்பற்றுகின்றன. ஏன் பதினான்கு? ஏறக்குறைய அந்த நாளில்தான் கருத்தட்டில் முதற்கோடு தோன்றுகிறது. தலை எங்கே, கால் எங்கே என்ற அச்சு வகுபடுகிறது. அதற்கு முன் ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம், அதற்குப் பின் பிரியாது. ஒருவரா இருவரா என்பதே முடிவாகாத ஒன்றை ஒரு நபர் என்று அழைக்கலாமா என்பது அந்தக் குழுவின் முன் இருந்த கேள்விகளில் ஒன்று. எனக்கு இதில் வேறொன்றும் தோன்றுவதுண்டு. கருத்தரித்த பதினான்காம் நாள் என்பது ஏறக்குறைய மாதவிலக்கு வர வேண்டிய நாள். நம் பக்கத்தில் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று சொல்லத் தொடங்குவது அந்த நாள் தவறிய பிறகுதான். அதற்கு முன் கலைந்து போன கருக்களை, இயற்கையிலேயே அவை ஏராளம், எந்தப் பாட்டியும் எண்ணியதில்லை. எண்ண வழியும் இல்லை. லண்டனில் கூடிய குழுவும் நம் கிராமத்துச் சொல்லும் ஒரே இடத்தில் கோடு கிழிப்பது தற்செயல்தான். ஆனால் உங்கள் மாமியாரிடம் பேசும்போது முதற்கோட்டைவிட இந்தச் சொல் உதவும்.

என் சொந்த நிலையை மறைக்காமல் சொல்கிறேன். ஐந்து நாள் கருவை ஒரு குழந்தையாக நான் கருதவில்லை. வெறும் செல் குவியலாகவும் கருத முடியவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் கலைந்த கருவுக்குக் காரியம் செய்வதில்லை. ஆனால் அந்தப் பெண்ணை அன்று வேலைக்கு அனுப்புவதும் இல்லை. ஐந்திலோ ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு, பிறந்த பின் பெயர் சூட்டல் என்று படிப்படியாகத்தான் ஒரு பிள்ளையை நாம் நம்மவராக ஏற்கிறோம். மதிப்பு படிப்படியாக வளர்வது என்ற இந்தப் பார்வைதான் எனக்கு உடன்பாடு. ‘எப்படியும் அழியப்போவதுதானே, பயன்படுத்தினால் என்ன’ என்ற வாதத்தை மட்டும் நான் தனியாக நம்புவதில்லை. அந்த வாதத்தைச் சாகப்போகும் நோயாளியிடமும் தூக்குக் கைதியிடமும் நீட்டலாம்; நீட்டக் கூடாது என்று நமக்குத் தெரியும். கரு அந்த நோயாளி அல்ல என்று முதலில் ஒப்புக்கொண்டவருக்கே அந்த வாதம் செல்லும். அப்படி ஒப்புக்கொள்ளாத உங்கள் மாமியார், நேர்மையாகப் பார்த்தால் ‘அழியவிட’ என்ற கட்டத்தையும் மறுக்க வேண்டும். கரு தானாக அழிவதில்லை. கரு உறைந்திருக்கும் ஸ்ட்ரா என்னும் மெல்லிய குழலைத் திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே வைப்பது ஒரு கை. அந்தக் கை பல முறை என்னுடையது.

2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா வளர்ந்த எலியின் தோல் செல்லையே நான்கு மரபணுக்களின் உதவியால் பின்னோக்கித் திருப்பி, கரு ஸ்டெம் செல் போன்ற நிலைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் அது முடிந்தது. 2012-இல் நோபல் பரிசு. இனிக் கருவே வேண்டாமே என்று அப்போது பலர் எழுதினார்கள், நானும் நினைத்தேன். அது பாதி மெய். நோயைப் படிப்பதற்கும் மருந்து சோதிப்பதற்கும் அந்த வழி பெரும்பாலும் போதுமானது. ஆனால் திருப்பிய செல் உண்மையில் திரும்பியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் கரு ஸ்டெம் செல்தான். மேலே சொன்ன நீரிழிவு ஆய்வின் செல்களும் கருவிலிருந்து வந்தவையே. தென் கொரியாவில் ஹ்வாங் வூ சுக் குளோனிங் முறையில் கரு ஸ்டெம் செல் எடுத்ததாக 2004-லும் 2005-லும் வெளியிட்ட கட்டுரைகள் பொய்யென்று திரும்பப் பெறப்பட்டன. அதைவிட எனக்கு உறுத்தியது, சினைமுட்டைகளைத் தந்தவர்களில் அவருடைய ஆய்வகத்தின் இளநிலைப் பெண் ஊழியர்களும் இருந்தது. முட்டை எடுப்பதற்கான ஹார்மோன் ஊசிகள் ஒரு பெண்ணின் உடலை என்ன பாடு படுத்தும் என்பது உங்களுக்குத் தெரியும். கருவின் உயிரைப் பற்றி ஆண்கள் கூடிப் பேசும் அரங்குகளில் இந்தப் பக்கம் அரிதாகவே பேசப்படும். உங்கள் விஷயத்தில் அந்தப் பாட்டை உங்கள் குழந்தைகளுக்காக நீங்கள் ஏற்கெனவே பட்டுவிட்டீர்கள். ஆராய்ச்சிக்காக யாரும் புதிதாகப் படப்போவதில்லை. மீந்த கருக்களை ஏற்பதையும், ஆராய்ச்சிக்கென்றே கருவை உருவாக்குவதையும் நான் ஒன்றாகப் பார்க்காததற்கு இதுவே முதல் காரணம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி கருக்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சேமிக்கக் கூடாது. அதன்பின் அழியவிட வேண்டும், அல்லது உங்கள் ஒப்புதலோடு அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வழங்க வேண்டும். விற்க முடியாது. கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஐசிஎம்ஆர் நெறிமுறைப்படி ஒப்புதலைக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பெற வேண்டும், கருவை ஒப்படைக்கும் நேரத்தில் அவசரமாக வாங்கக் கூடாது. ஆகவே கட்டணக் கவுன்ட்டரில் நின்றபடி குறியிடாதீர்கள். ‘ஆராய்ச்சி’ என்று அச்சிட்டிருப்பது எந்த நிறுவனத்தை, எந்த ஆய்வை என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்டெம் செல் வரிசை உருவாக்கவா, கரு கருப்பையில் ஏன் ஒட்டாமல் போகிறது என்று பார்க்கவா, அல்லது புதிய ஊழியர்களின் கைப்பழக்கத்துக்கா என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. உங்களைப் பற்றிய விவரங்கள் மறைக்கப்படுமா, அதன் மூலம் கிடைக்கும் லாபத்தில் உங்களுக்கு உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறதா, மனம் மாறினால் எந்தக் கட்டம்வரை திரும்பப் பெறலாம் என்பவற்றையும் கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் அந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள். அது உங்கள் குறை ஆகாது.

அழியவிடுவதென்று முடிவு செய்தால் அருகில் இருக்க விடுவார்களா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில், கேட்டவர்களை ஆய்வக வாசல் கண்ணாடிக்கு அப்பால் நிற்க அனுமதித்தோம். உங்கள் மையத்தின் வழக்கத்தை அங்கேதான் கேட்க வேண்டும். போளூரிலிருந்து வந்த ஒரு தம்பதியர் அப்படி நின்றார்கள். திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து ஆவி எழும்பும். பேனா நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரா வெளியே வரும். அதன் மேல் உங்கள் பெயரும் தேதியும் இருக்கும். மேசையில் வைத்த சில விநாடிகளில் அதன் மேல் பனி படர்ந்து உருகிவிடும். பார்ப்பதற்கு அவ்வளவுதான் இருக்கும்.